புதுப்பிப்புப் பணி நடைபெறும் விடுதிகளில் காயமடையும் விருந்தினரின் சட்ட உரிமைகள்

தங்கும் விடுதி ஒன்றில் இடித்தல், பூசுதல், மின்கம்பி மாற்றுதல், மேல்தளம் எழுப்புதல் முதலிய புதுப்பிப்புப் பணிகள் நடைபெறும் காலத்தில் அங்குத் தங்கியிருப்பவர் காயமடைந்தாலோ உயிரிழந்தாலோ, அவரும் அவர் குடும்பத்தினரும் விடுதி உரிமையாளர், கட்டட ஒப்பந்தக்காரர் முதலியோரிடம் இழப்பீடு பெறுவதற்கும் குற்ற நடவடிக்கை கோருவதற்கும் உள்ள உரிமைகளை இக்கட்டுரை விளக்குகிறது. இந்தியாவில் இதற்கெனத் தனிச் சட்டம் ஏதும் இல்லை. தீங்கியல் சட்டம், ஒப்பந்தச் சட்டம், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், குற்றவியல் சட்டம் ஆகிய நான்கிலும் இவ்வுரிமைகள் சிதறிக் கிடக்கின்றன. இவற்றுள் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதைப் பொறுத்தே செலவும் காலமும் கிடைக்கும் தொகையும் அமைகின்றன.

மரக்காணம் கடற்கரை: ஓர் எடுத்துக்காட்டு

விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள மரக்காணம், தமிழ்நாட்டின் முக்கிய உப்பு உற்பத்தி இடங்களுள் ஒன்றாகும். சென்னையையும் புதுச்சேரியையும் இணைக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலை இங்குள்ள உப்பளங்களை ஒட்டிச் செல்கிறது. இச்சாலையின் கடற்புறத்தில் ஆங்காங்கே லாட்ஜுகளும் ரிசார்ட்டுகளும் உள்ளன. சிறுபாணாற்றுப்படையில் கூறப்படும் எயிற்பட்டினம் இப்பகுதியே என்று கருதுவோர் உண்டு. அந்நூலில் அவ்வூருக்கு வரும் பாணர்க்குப் பரதவர் விருந்தளிப்பது விரிவாகப் பேசப்படுகிறது.

உப்புக்காற்று கட்டடங்களுக்குப் பகையானது. காற்றிலும் நீரிலும் உள்ள குளோரைடு காங்கிரீட்டினுள் புகுந்து கம்பியைத் துருப்பிடிக்கச் செய்கிறது. துரு, இரும்பைவிடக் கூடுதல் இடத்தை அடைப்பதால் காங்கிரீட்டை உள்ளிருந்து பிளக்கிறது. முதலில் பூச்சு உப்புகிறது, பின்னர் கூரையின் அடிப்பகுதியிலிருந்தும் மாடி முகப்பிலிருந்தும் துண்டுகள் பெயர்ந்து விழுகின்றன. ஐ.எஸ். 456:2000 என்னும் இந்தியக் காங்கிரீட்டுச் செந்தரம் இதனை முன்னரே கணக்கில் கொண்டுள்ளது. சாதாரண நிலையில் கம்பியின் மேல் 20 மில்லிமீட்டர் காங்கிரீட்டு மூடல் போதும் என்று கூறும் அச்செந்தரம், கடற்கரைச் சூழலில் 45 மில்லிமீட்டரும், கடல்நீர்த் தெறிப்புக்கு உள்ளாகும் இடங்களில் 50 மில்லிமீட்டரும் வேண்டும் என்கிறது. இதனைப் பின்பற்றாத பழைய கட்டடங்கள் அடிக்கடி பழுதுபார்க்கப்படுகின்றன.

இதனுடன் புயல்களும் சேர்ந்துகொள்கின்றன. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்தது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது மரக்காணம் பகுதி பெருமழைக்கு உள்ளாகி உப்பளங்கள் நீரில் மூழ்கின. புயல்களுக்குப் பிறகு பழுதுபார்ப்பு வேலைகள் பெருகுவது இயல்பு. பழுதுபார்க்கும் காலத்தில் விடுதியை மூடிவிடுவது பாதுகாப்பானது. ஆனால் சென்னையிலிருந்து வார இறுதியில் வருவோரை இழக்க விரும்பாத உரிமையாளர்கள் ஒருபுறம் அறைகளை வாடகைக்கு விட்டுக்கொண்டே மறுபுறம் சவுக்குக் கழிகளால் சாரம் கட்டி வேலை நடத்துவதுண்டு. கீழே விளக்கப்படும் சட்டச் சிக்கல்கள் அனைத்தும் இந்நிலையிலிருந்தே எழுகின்றன.

விடுதி உரிமையாளரின் கவனக் கடமை

இங்கிலாந்தில் இடத்தைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருப்போரின் பொறுப்பை வரையறுக்க 1957ஆம் ஆண்டு ஒரு சட்டம் இயற்றப்பட்டது. இந்தியாவில் அத்தகைய சட்டம் இல்லை. எனவே இந்திய நீதிமன்றங்கள் ஆங்கிலேயப் பொதுச் சட்டத்தின் நெறிகளை நீதிக்கும் நேர்மைக்கும் ஏற்றவாறு பின்பற்றி வருகின்றன.

இவ்வகையில் அடிப்படையாகக் கொள்ளப்படுவது 1917ஆம் ஆண்டின் மெக்லெனன் எதிர் சேகர் என்னும் ஆங்கில வழக்காகும். விடுதியில் ஏற்பட்ட தீயிலிருந்து தப்ப முயன்று காயமடைந்த விருந்தினர் தொடுத்த இவ்வழக்கில், பணம் பெற்றுக்கொண்டு தங்க இடமளிப்பவர், யாருடைய நியாயமான கவனத்தாலும் திறமையாலும் எந்த அளவுக்குப் பாதுகாப்பாக ஆக்க இயலுமோ அந்த அளவுக்கு அவ்விடம் பாதுகாப்பாக உள்ளது என்று உறுதியளிப்பவராகிறார் எனக் கூறப்பட்டது. இதில் "யாருடைய" என்ற சொல் முக்கியமானது. உரிமையாளர் தம்மளவில் கவனமாக இருந்தார் என்பது போதாது. அவர் அமர்த்திய கட்டடக் கலைஞரும் ஒப்பந்தக்காரரும் கவனமாக இருந்தார்களா என்பதும் பார்க்கப்படும்.

கட்டடம் இடிந்து விழும் நிகழ்வுகளில் இந்திய உச்ச நீதிமன்றத்தின் நிலைப்பாடு, தில்லி மாநகராட்சி எதிர் சுபாகவந்தி என்னும் 1966ஆம் ஆண்டுத் தீர்ப்பில் தெளிவாகிறது. தில்லி சாந்தினி சௌக்கில் இருந்த மணிக்கூண்டு இடிந்து விழுந்து பலர் இறந்தனர். அது ஏறத்தாழ 80 ஆண்டுகள் பழமையானது. அதில் பயன்படுத்தப்பட்ட சாந்தின் ஆயுளோ 40 முதல் 45 ஆண்டுகள் மட்டுமே. குறை வெளியில் தெரியவில்லை என்ற மாநகராட்சியின் வாதம் ஏற்கப்படவில்லை. நெடுஞ்சாலையை ஒட்டிய கட்டடத்தைப் பேணும் கடமை உடையவர், கண்ணுக்குத் தெரியாத குறைக்கும் பொறுப்பாவார் என்று நீதிமன்றம் கூறியது. மேலும், "நிகழ்வே தன்னை உரைக்கும்" என்னும் நெறியும் அவ்வழக்கில் பயன்படுத்தப்பட்டது. முறையாகப் பேணப்படும் கட்டடம் தானாக விழாது. ஆகவே விழுந்துவிட்டால், கவனக்குறைவு இல்லை என மெய்ப்பிக்கும் சுமை உரிமையாளரின் பக்கம் சாய்கிறது என்பது இந்நெறியின் பொருள்.

விருந்தினருக்கு இந்நெறி பெரிதும் உதவக்கூடியது. மேல்தளத்தில் என்ன வேலை நடந்தது, எந்தக் கொத்தனார் எதைத் தட்டினார் என்பதெல்லாம் கீழே நடந்து சென்றவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. உப்புக்காற்று வீசும் கடற்கரையில் கம்பி துருப்பிடித்துக் காங்கிரீட்டு பெயர்வது எதிர்பாராதது என்று வாதிடுவதும் உரிமையாளருக்கு எளிதன்று. அது கட்டடச் செந்தரத்திலேயே எழுதப்பட்டுள்ள ஒன்று.

கிளாஸ் மிட்டல்பாக்கர்ட் வழக்கு

இந்தியாவில் விடுதி விருந்தினரின் உடற்காயம் பற்றி மிகுதியும் எடுத்துக்காட்டப்படும் வழக்கு கிளாஸ் மிட்டல்பாக்கர்ட் எதிர் ஈஸ்ட் இந்தியா ஓட்டல்ஸ் ஆகும். செருமானிய விமான நிறுவனமான லுப்தான்சாவின் துணை விமானியான இவர், 1972 ஆகஸ்டு 11 அன்று புது தில்லியில் உள்ள ஓபராய் இண்டர்காண்டினென்டல் விடுதியில் தங்கினார். அங்கு நீச்சல் குளத்தில் பாய்ந்தபோது தலை குளத்தின் அடித்தரையில் மோதியது. கை கால்கள் செயலிழந்தன. 1975 ஆகஸ்டு 11 அன்று தில்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே 1985இல் இறந்துபோனார்.

1997 சனவரியில் தீர்ப்பளித்த தனி நீதிபதி ஆர். சி. லகோத்தி (பின்னாளில் இந்தியத் தலைமை நீதிபதி), 50 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்குமாறு ஆணையிட்டார். ஐந்து நட்சத்திர விடுதி வாங்கும் உயர்ந்த கட்டணத்திற்கு ஏற்ப அதன் கவனக் கடமையும் உயர்கிறது என்றும், விருந்தினருக்கு ஆபத்து விளைவிக்கக்கூடிய மறைந்த குறை கட்டட அமைப்பில் இருந்தால் விடுதி கடும் பொறுப்புக்கு உள்ளாகும் என்றும் அத்தீர்ப்பு கூறியது. அறையை முன்பதிவு செய்தது விமான நிறுவனம்தான், விருந்தினர் அல்லர் என்ற மறுப்பும் ஏற்கப்படவில்லை. அலுவலகம் அறை பிடித்துக் கொடுக்க, பணியின் பொருட்டு வெளியூரில் தங்குவோருக்கு இப்பகுதி பயனுள்ளது.

ஆனால் இவ்வழக்கின் முடிவு வேறு. விடுதியின் மேல்முறையீட்டை விசாரித்த இரு நீதிபதிகள் அமர்வு, உடற்காயத்திற்கான வழக்குரிமை காயமடைந்தவரின் இறப்போடு மறைந்துவிட்டது எனக் கூறித் தனி நீதிபதியின் தீர்ப்பை நீக்கிவிட்டது. 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 306ஆம் பிரிவு, இறப்பை விளைவிக்காத உடற்காயங்களுக்கான வழக்குரிமை வாரிசுகளுக்குச் செல்லாது என்கிறது. ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் காத்திருந்து தொடுக்கப்பட்டு இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நடந்த வழக்கில் இறுதியில் ஒரு ரூபாயும் நிலைக்கவில்லை. சட்டப் பாடநூல்கள் பலவற்றில் 1997ஆம் ஆண்டுத் தீர்ப்பு மட்டும் விரிவாகக் கூறப்பட்டு, அதன் பின்னர் நிகழ்ந்தது ஓரிரு வரிகளில் முடிக்கப்படுகிறது. வழக்குத் தொடுக்க எண்ணுவோர் அறிய வேண்டியது இரண்டாவது பகுதியையே.

ஒப்பந்தக்காரர் செய்த பிழை

புதுப்பிப்புப் பணியின்போது ஏற்படும் விபத்துகளில் விடுதி நிருவாகம் முதலில் கூறும் மறுப்பு, "வேலை செய்தது எங்கள் ஆட்கள் அல்லர், ஒப்பந்தக்காரரின் ஆட்கள்" என்பதாகும். தற்சார்பு ஒப்பந்தக்காரரின் கவனக்குறைவுக்கு அவரை அமர்த்தியவர் பொறுப்பல்லர் என்பது பொது விதி. இவ்விதிக்கு விலக்குகள் உண்டு. இயல்பிலேயே ஆபத்தான வேலைக்கும், பிறரிடம் ஒப்படைக்க இயலாத கடமைக்கும் இவ்விதி பொருந்தாது. பணம் பெற்று அறை கொடுத்த விடுதி, தன் விருந்தினருக்கு ஆற்ற வேண்டிய பாதுகாப்புக் கடமை இரண்டாம் வகையைச் சேர்ந்தது. விருந்தினருக்கு ஒப்பந்தக்காரருடன் எவ்வகை உடன்பாடும் கிடையாது. அவர் நம்பி வந்தது விடுதியை மட்டுமே.

இருவரையும் எதிர்தரப்பினராகச் சேர்ப்பதே வழக்கறிஞர்கள் பின்பற்றும் முறை. யார் எவ்வளவு செலுத்த வேண்டும் என்பதை நீதிமன்றம் பிரித்துக் கொடுக்கும். இதற்கு உபகார் திரையரங்கு வழக்கு நல்ல எடுத்துக்காட்டு. 1997 சூன் 13 அன்று தில்லியில் இத்திரையரங்கில் ஏற்பட்ட தீயில் 59 பேர் இறந்தனர். அன்று காலை மின்வாரிய ஊழியர்கள் சரிவரப் பழுதுபார்க்காமல் விட்டுச்சென்ற மின்மாற்றியிலிருந்து தீ தொடங்கியது. எனினும் திரையரங்கினுள் வெளியேறும் வழிகள் அடைபட்டிருந்ததே உயிரிழப்பைப் பெருக்கியது. 2011இல் உச்ச நீதிமன்றம் இழப்பீட்டில் 85 விழுக்காட்டைத் திரையரங்கு உரிமையாளர்கள் மீதும் 15 விழுக்காட்டை மின்வாரியம் மீதும் சுமத்தியது. பழுதுபார்ப்பில் பிழை செய்தவரைவிட, மக்களை உள்ளே வரவழைத்தவரின் பொறுப்பு பெரிது என்பது இப்பங்கீட்டிலிருந்து தெரிகிறது.

கொல்கத்தா விடுதித் தீ விபத்து, 2025

2025 ஏப்ரல் 29 அன்று இரவு கொல்கத்தாவின் புர்ராபசார் பகுதியில் உள்ள ரிதுராஜ் விடுதியில் தீப்பிடித்து 14 பேர் உயிரிழந்தனர். விடுதியில் விருந்தினர் தங்கியிருக்கும்போதே அதன் முதல் தளத்தில் மாற்றியமைக்கும் வேலைகள் நடந்து வந்தன. புகை வெளியேற வழியின்றி அறைகளில் சூழ்ந்தது. இறந்தவர்களுள் தமிழ்நாட்டிலிருந்து சுற்றுலா சென்றிருந்த ஒரு குடும்பத்தின் இரு குழந்தைகளும் முதியவர் ஒருவரும் அடங்குவர். விடுதியின் தீப் பாதுகாப்புச் சான்று காலாவதியாகியிருந்ததாக அதிகாரிகள் தெரிவித்தனர். விடுதியின் உரிமையாளரும் மேலாளரும் கைது செய்யப்பட்டனர். மைய அரசும் மேற்கு வங்க அரசும் இறந்தோரின் குடும்பங்களுக்குத் தலா 2 இலட்சம் ரூபாய் அறிவித்தன.

இவ்வாறு அரசு வழங்கும் தொகை கருணைத் தொகையே ஆகும். அதனைப் பெற்றுக்கொள்வதால் விடுதியின் மீது வழக்குத் தொடுக்கும் உரிமை குறைவதில்லை. இதனை அறியாமல் கருணைத் தொகையோடு நின்றுவிடும் குடும்பங்கள் பல.

புதுப்பிப்புப் பணி நடக்கும் விடுதிகளில் தீ தனி இடர் ஆகும். ஒட்டுப்பலகை, தின்னர், வண்ணப்பூச்சு, தற்காலிக மின்கம்பிகள் ஆகியவை ஒரே இடத்தில் சேர்கின்றன. படிக்கட்டுகளில் மூட்டைகள் அடுக்கப்படுகின்றன. சன்னல்கள் அடைக்கப்படுகின்றன. தூசியால் ஒலிக்கிறது என்று தீ எச்சரிக்கை மணியை நிறுத்தி வைப்பதும் நிகழ்கிறது. தலையில் காங்கிரீட்டு விழுந்தால் ஒருவர் அடிபடுவார். வழி அடைபட்டால் தளம் முழுவதும் சிக்கிக்கொள்ளும்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019

நடைமுறையில் பெரும்பாலான விருந்தினர்களுக்கு ஏற்ற வழி இதுவே. 2020 சூலை 20 அன்று நடைமுறைக்கு வந்த இச்சட்டம், 1986ஆம் ஆண்டின் பழைய சட்டத்திற்கு மாற்றாக அமைந்தது. உணவு, தங்குமிடம் அளித்தல் ஆகியவை "சேவை" என்பதன் வரையறையில் வெளிப்படையாகவே சேர்க்கப்பட்டுள்ளன. "சேவைக் குறைபாடு" என்பதில், நுகர்வோருக்கு இழப்போ காயமோ விளைவிக்கும் கவனக்குறைவு அடங்கும். நுகர்வோர் அறிய வேண்டிய செய்தியை வேண்டுமென்றே மறைப்பதும் அடங்கும். முன்பதிவு செய்யும்போது புதுப்பிப்புப் பணி நடப்பதைக் கூறாமல், பழைய படங்களைக் காட்டி அறை விற்கும் விடுதி இந்த இரண்டாவது கூற்றின்கீழ் வருகிறது. அவ்வாறு மறைத்ததற்கு, யாரும் காயமடையாத நிலையிலும் முறையிடலாம்.

பணம் செலுத்தியவர் மட்டுமின்றி, அவரது ஒப்புதலுடன் சேவையைத் துய்ப்பவரும் நுகர்வோரே. எனவே கணவர் கட்டணம் செலுத்தியிருந்தாலும் மனைவி முறையிடலாம். திருமண வீட்டார் பிடித்துக் கொடுத்த அறையில் தங்கிய உறவினரும் முறையிடலாம். குழந்தையும் அதன் பெற்றோரும் தனித்தனியே நுகர்வோர் ஆவர் என்பதை 1998இல் ஸ்பிரிங் மெடோஸ் மருத்துவமனை வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்துள்ளது. நுகர்வோர் இறந்துவிட்டால் அவரது சட்டப்படியான வாரிசு முறையீடு செய்யலாம் எனச் சட்டமே கூறுகிறது. மாறாக, நண்பரைப் பார்க்க விடுதிக்குச் சென்று வரவேற்பறையில் காத்திருக்கும்போது காயமடைந்தவர் நுகர்வோர் அல்லர். அவர் தீங்கியல் சட்டத்தின்கீழ் உரிமையியல் நீதிமன்றத்தையே நாட வேண்டும்.

எந்த ஆணையத்தில் முறையிடுவது என்பது செலுத்திய கட்டணத்தைப் பொறுத்தது, கோரும் இழப்பீட்டைப் பொறுத்தது அன்று. 50 இலட்சம் ரூபாய் வரை கட்டணம் செலுத்தியிருந்தால் மாவட்ட ஆணையம், அதற்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையம், அதற்கும் மேல் தேசிய ஆணையம். விடுதி அறைக்கு 50 இலட்சம் செலுத்துவோர் இல்லை என்பதால், கோடிக்கணக்கில் இழப்பீடு கோரினாலும் முறையீடு மாவட்ட ஆணையத்திலேயே தொடங்கும். இந்த ஏற்பாட்டை 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் செல்லத்தக்கது எனக் கூறியது. செலுத்திய கட்டணம் 5 இலட்சம் ரூபாய்க்கு உட்பட்டிருந்தால் ஆணையத்தில் கட்டணம் ஏதும் இல்லை. உரிமையியல் நீதிமன்றத்திலோ கோரும் தொகைக்கு ஏற்ப நீதிமன்றக் கட்டணம் செலுத்த வேண்டும். தமிழ்நாட்டில் இது 2017 முதல் 3 விழுக்காடு ஆகும். அதற்கு முன் 7.5 விழுக்காடாக இருந்தது.

இடம் பற்றிய விதியிலும் நுகர்வோருக்குச் சலுகை உண்டு. உடற்காயத்திற்கான உரிமையியல் வழக்கைத் தீங்கு நிகழ்ந்த இடத்திலோ எதிர்தரப்பினர் வாழும் அல்லது தொழில் செய்யும் இடத்திலோதான் தொடுக்க முடியும். நுகர்வோர் முறையீட்டை முறையிடுபவர் வாழும் இடத்திலும் பணிபுரியும் இடத்திலும் கூடப் பதிவு செய்யலாம். மரக்காணம் ரிசார்ட் ஒன்றில் காயமடைந்த சென்னைவாசி, விழுப்புரம் மாவட்ட ஆணையத்திற்கு அலையாமல் சென்னையிலேயே முறையிட முடியும். இணையவழியிலும் முறையீடு பதிவு செய்யலாம். 1915 என்பது தேசிய நுகர்வோர் உதவி எண்.

வழக்கு சிக்கலானது, ஆகவே உரிமையியல் நீதிமன்றத்திற்குச் செல்லட்டும் என்று விடுதிகள் வாதிடுவதுண்டு. சிக்கலான வழக்கு என்பதற்காக மட்டும் முறையீட்டைத் திருப்பி அனுப்பலாகாது என்று உச்ச நீதிமன்றம் 2002இல் டாக்டர் ஜே. ஜே. மெர்ச்சண்ட் வழக்கில் கூறியுள்ளது.

"நிருவாகம் பொறுப்பல்ல"

விடுதிகளின் வரவேற்பறையிலும் பதிவேட்டிலும் காணப்படும் இவ்வாசகத்திற்குப் பலர் அஞ்சுகின்றனர். இவ்வகை வாசகங்களுக்கு எதிரான இந்தியத் தீர்ப்புகளுள் பழமையான ஒன்று சென்னை உயர் நீதிமன்றத்தினுடையது. லில்லி ஒயிட் எதிர் முனுசாமி என்னும் 1966ஆம் ஆண்டு வழக்கில், சலவைக்குக் கொடுத்த புதிய புடவை தொலைந்துவிட்டது. பொருள் தொலைந்தால் அதன் விலையில் 15 விழுக்காடு மட்டுமே தரப்படும் என்று ரசீதில் அச்சிடப்பட்டிருந்தது. அத்தகைய விதி பொதுநலக் கொள்கைக்கு முரணானது எனக் கூறி நீதிமன்றம் அதனை ஏற்க மறுத்தது.

விடுதிகளைப் பொறுத்தவரை, தாஜ்மகால் ஓட்டல் எதிர் யுனைடெட் இந்தியா இன்சூரன்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 நவம்பரில் அளித்த தீர்ப்பு முக்கியமானது. 1998இல் தில்லியில் விருந்தினர் ஒருவர் தமது காரின் சாவியை விடுதி ஊழியரிடம் ஒப்படைத்தார். கார் திருடு போயிற்று. "உரிமையாளரின் சொந்தப் பொறுப்பில்" என்று சீட்டில் அச்சிட்டிருப்பது, விடுதி தன் சொந்தக் கவனக்குறைவிலிருந்து தப்பிக்க உதவாது என்று நீதிமன்றம் கூறியது. காருக்கே இந்நிலை எனில், உடலுக்கும் உயிருக்கும் அச்சிட்ட வாசகம் ஒன்று விலக்களிக்கும் என்று வாதிடுவது கடினம். 2019ஆம் ஆண்டுச் சட்டம் நியாயமற்ற ஒப்பந்த விதிகளைச் செல்லாதவை என அறிவிக்க மாநில, தேசிய ஆணையங்களுக்கு அதிகாரம் அளித்துள்ளது.

எச்சரிக்கைப் பலகை என்பது இதிலிருந்து வேறுபட்டது. "வேலை நடக்கிறது, இவ்வழியே செல்லாதீர்" என்று தெளிவாக எழுதி, தடுப்பும் வைத்து, மாற்று வழியும் காட்டியிருந்தால் விடுதி தன் கடமையை ஓரளவு ஆற்றியதாகக் கொள்ளப்படும். அறைக்குச் செல்ல இருப்பதே அந்த ஒரு வழி எனில், பலகையால் பயனில்லை. ஆபத்தை அறிந்திருத்தல் வேறு, அதனை மனமொப்பி ஏற்றல் வேறு என்பது தீங்கியலின் பழைய நெறி.

விடுதியின் பிற எதிர்வாதங்கள்

தடுப்பைத் தாண்டிச் சென்று, ஈரம் காயாத மாடியில் நின்று படம் எடுத்து விழுந்தவரின் இழப்பீடு அவரது கவனக்குறைவின் அளவுக்குக் குறைக்கப்படும். குழந்தைகளிடம் இவ்வளவு கவனம் எதிர்பார்க்கப்படுவதில்லை. சாரமும் மணற்குவியலும் குழந்தைகளை ஈர்க்கும் என்பதை விடுதி முன்னுணர வேண்டும்.

"இறைச் செயல்" என்னும் வாதம் இக்கடற்கரையில் அடிக்கடி எழக்கூடியது. புயற்காற்றில் சாரம் சரிந்து விருந்தினர் காயமடைந்தால் அது இயற்கையின் செயல் என்று கூறப்படும். மனித முயற்சியால் முன்னறியவோ தடுக்கவோ இயலாத நிகழ்வே இறைச் செயலாகும். வடகிழக்குப் பருவமழை ஆண்டுதோறும் வருகிறது. இந்திய வானிலை ஆய்வுத் துறை புயலுக்குப் பல நாள்கள் முன்பே எச்சரிக்கிறது. எச்சரிக்கைக்குப் பின்னரும் சாரத்தை அவிழ்க்காமல் அறைகளை வாடகைக்கு விட்டவருக்கு இவ்வாதம் பயன்படுவது அரிது.

குற்றவியல் நடவடிக்கை

கட்டடம் பழுதுபார்ப்பதில் காட்டும் கவனக்குறைவு தனிக் குற்றமாகவே சட்டத்தில் உள்ளது என்பது பலரும் அறியாதது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 288ஆம் பிரிவு, கட்டடத்தை இடிக்கும்போதோ பழுதுபார்க்கும்போதோ அது விழுவதால் மனித உயிருக்கு நேரக்கூடிய ஆபத்தைத் தடுக்கத் தவறுவதைக் குற்றமாக்கியது. 2024 சூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் இது 290ஆம் பிரிவாகி, கட்டுமானப் பணியையும் உள்ளடக்குகிறது. தண்டனை ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை தண்டம், அல்லது இரண்டும். உயிரைக் காக்கும் பிரிவுக்கு இது மிகச் சிறிய தண்டனையே. காயம் ஏற்பட்டால் 125ஆம் பிரிவும், கவனக்குறைவால் இறப்பு நேர்ந்தால் ஐந்து ஆண்டுகள் வரை சிறைக்கு வகைசெய்யும் 106ஆம் பிரிவும் சேர்க்கப்படும்.

குற்ற வழக்கு முடியும் வரை இழப்பீட்டு வழக்குக்குக் காத்திருக்கத் தேவையில்லை. குற்ற வழக்கில் ஐயத்திற்கு இடமின்றி மெய்ப்பிக்க வேண்டும். இழப்பீட்டு வழக்கில் எது நிகழ்ந்திருக்க வாய்ப்பு மிகுதி என்பதே அளவுகோல். ஆகவே குற்ற வழக்கில் விடுதலையான உரிமையாளரும் இழப்பீடு செலுத்த நேரிடலாம்.

இழப்பீடும் காலவரம்பும்

மருத்துவச் செலவு, இழந்த வருமானம், எதிர்கால வருமான இழப்பு, உடன் இருந்து கவனிப்போரின் செலவு ஆகியவை ஒருபுறமும், வலி, துயரம், வாழ்க்கை இன்பங்களின் இழப்பு ஆகியவை மறுபுறமும் கணக்கிடப்படுகின்றன. மோட்டார் வாகன விபத்து வழக்குகளில் உருவான சரளா வர்மா (2009), ராஜ்குமார் (2011) தீர்ப்புகளின் கணக்கீட்டு முறைகள் பிற விபத்துகளுக்கும் வழிகாட்டியாகப் பயன்படுகின்றன. ஊன விழுக்காட்டுக்கும் வருமான இழப்பு விழுக்காட்டுக்கும் வேறுபாடு உண்டு. வலக்கை விரல்கள் செயலிழந்த எழுத்தருக்கும் தையற்காரருக்கும் ஊனம் ஒன்றாயினும் இழப்பு ஒன்றன்று.

நுகர்வோர் முறையீட்டைக் காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் பதிவு செய்ய வேண்டும். தக்க காரணம் காட்டினால் தாமதம் பொறுக்கப்படலாம். உரிமையியல் நீதிமன்றத்தில் உடற்காயத்திற்கு 3 ஆண்டுகள். இறப்பு நேர்ந்தால் 1855ஆம் ஆண்டின் உயிரிழப்பு விபத்துகள் சட்டத்தின்கீழ் மனைவி, கணவர், பெற்றோர், பிள்ளைகள் ஆகியோருக்காக வழக்குத் தொடுக்கலாம். அதற்கு இறந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளே உள்ளன. காயமடைந்தவர் சிறுவர் எனில் 18 வயது நிறைந்த பின்னரே உரிமையியல் வழக்குக்கான காலம் எண்ணப்படும். பெண்கள், சிறுவர்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோர் வருமானத்தைக் கருதாமல் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் இலவச வழக்கறிஞரைப் பெறலாம்.

சான்றுகள்

புதுப்பிப்புப் பணி சார்ந்த விபத்துகளில் சான்றுகள் விரைவில் மறைந்துவிடுகின்றன. வேலையே தொடர்ந்து நடப்பதால், உடைந்த இடம் மறுநாளே பூசப்பட்டுவிடும், சாரம் அவிழ்க்கப்பட்டுவிடும். எனவே காயமடைந்த அன்றே உடன் இருப்போர் இடத்தைப் பல கோணங்களில் படம் எடுப்பது முதன்மையானது. விழுந்த காங்கிரீட்டுத் துண்டில் துருப்பிடித்த கம்பி தெரிந்தால் அதுவே பெரும் சான்று. கண்காணிப்புக் கேமராப் பதிவுகள் சில நாள்களில் அழிந்துவிடுவதால், அவற்றைப் பாதுகாக்குமாறு எழுத்தில் கேட்டு ஒப்புகை பெற வேண்டும்.

மருத்துவமனையில் காயத்திற்கான காரணத்தைச் சரியாகக் கூறுவது அடுத்தது. அரசு மருத்துவமனைகளின் விபத்துப் பதிவேட்டில் முதலில் எழுதப்படுவது பிற்பாடு வழக்கின் அடித்தளமாகிறது. "தவறி விழுந்தார்" என்று விடுதி ஊழியர் கூறி எழுதப்பட்ட ஒரு வரி, ஆண்டுக்கணக்கில் விளக்கம் சொல்ல வைக்கும். மரக்காணம் பகுதியிலிருந்து கடுங்காயமுற்றோர் புதுச்சேரியில் உள்ள ஜிப்மருக்குக் கொண்டு செல்லப்படுவதுண்டு. புதுச்சேரி தனி ஒன்றியப் பகுதியாயினும், அங்குப் பெறும் மருத்துவ ஆவணங்கள் தமிழ்நாட்டு ஆணையங்களிலும் நீதிமன்றங்களிலும் சான்றாகும்.

அறை ரசீது, முன்பதிவுச் செய்தி, விடுதி விளம்பரம் ஆகியவற்றைப் பாதுகாக்க வேண்டும். மருத்துவச் செலவை ஏற்கிறோம் என்று கூறி விடுதி நீட்டும் தாளில் "இனி எவ்விதக் கோரிக்கையும் இல்லை" என்ற வரி உள்ளதா என்று பார்த்த பின்னரே கையெழுத்திட வேண்டும். கட்டட அனுமதி, தீயணைப்புத் துறையின் சான்று, கடற்கரையோரமாயின் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அனுமதி ஆகியவற்றின் நகல்களைத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன்கீழ் அரசு அலுவலகங்களிலிருந்து கேட்டுப் பெறலாம்.

பிற நாடுகளில்

இங்கிலாந்தின் 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒப்பந்தக்காரரின் கட்டுமான அல்லது பழுதுபார்ப்பு வேலையில் ஏற்பட்ட குறைக்கு, அவரைத் தக்கவாறு தேர்ந்தெடுத்து வேலை சரியாக நடந்ததா என்று நியாயமான அளவில் பார்த்துக்கொண்ட உரிமையாளர் பொறுப்பாகமாட்டார். இது 1917ஆம் ஆண்டின் நிலையைவிட உரிமையாளருக்குச் சாதகமானது.

இலங்கையில் உரோம-டச்சுச் சட்டமே தீங்கியலுக்கு அடிப்படை. அங்கு உடற்காயத்திற்கான இழப்பீட்டு வழக்கை 2 ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும். சிங்கப்பூரில் இது 3 ஆண்டுகள், தீபகற்ப மலேசியாவில் 6 ஆண்டுகள். வெளிநாட்டில் காயமடைந்து ஊர் திரும்பிய பின் வழக்கைப் பற்றி எண்ணுவோருக்குப் பொதுவாக, காயம் நிகழ்ந்த நாட்டின் காலவரம்பே பொருந்தும்.